மரவேலிக்கு ஸ்ப்ரே: கப் கன் போதுமா? பெயின்ட்டா, ஸ்டெயினா?

கேள்வி:
கொல்லைப்புற மரவேலி, 30 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம். இழைக்காத சொரசொரப்பான பைன் பலகை. இதுவரை எதுவும் பூசியதில்லை. நரைத்துவிட்டது, நிழல் பக்கம் பாசியும் இருக்கு. பலகைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் சந்து. கையில் இருப்பது 800 மில்லி கப் வைத்த எலெக்ட்ரிக் ஸ்ப்ரே கன். வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட்டை ஊற்றி ஒரு துண்டுப் பலகையில் அடித்தால் பொட்டுப் பொட்டாகத் துப்புது. எவ்வளவு தண்ணீர் கலக்கலாம்? ஒரு பக்கத்துக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும்?

பதில் 1:
துப்புதுன்னா மூன்று இடம் பாருங்க. பெயின்ட் கெட்டியாக இருக்கலாம், கன்னுக்குள் இருக்கும் ஊசியின் முனையில் காய்ந்த பிசிறு ஒட்டியிருக்கலாம், கப்புக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாய் தப்பான பக்கம் திரும்பியிருக்கலாம். வேலிக்கு கன்னை நேராகவோ கீழ்நோக்கியோதான் பிடிப்பீங்க. அதனால் குழாயின் வளைவு முன்பக்கம் பார்க்கணும். பின்பக்கம் இருந்தால் கப் பாதி காலியானதுமே காற்றை இழுக்க ஆரம்பிச்சிடும். ஊற்றும் முன் பழைய நைலான் ஸ்டாக்கிங்கில் வடிகட்டுங்க.

தண்ணீருக்கு டின்னில் போட்டிருக்கும் அளவுதான் எல்லை, பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். அதுக்கு மேல் போனால் வழியும், மூடும் திறனும் போயிடும்.

ஆனா எதையும் பூசாத மரத்தில் ஏன் பெயின்ட்? பெயின்ட் மேலே படலமாக உட்காரும். வேலிப் பலகை இரண்டு பக்கமும் நனையும், வெட்டு முனை வழியாக நீரை உறிஞ்சும். வெயில் ஏறும்போது அந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். அப்புறம் 30 மீட்டரையும் சுரண்டணும். ஸ்டெயின்னா மரத்துக்குள் ஊறி நிறம் தரும் சாயம்; இந்த ஊடுருவும் வகை உரியாது, நிறம் மட்டும் மங்கும். கழுவிட்டு மேலேயே இன்னொரு கோட் அடிச்சுக்கலாம். நீர்த்தன்மையாக இருப்பதால் உங்க கப் கன்னிலும் கலக்காமலே ஓடும்.

கணக்கு: 30 × 1.8 = 54 சதுர மீட்டர். சொரசொரப்பு மரத்தில் லிட்டருக்கு 5 சதுர மீட்டர்னு வைங்க, கிட்டத்தட்ட 11 லிட்டர். சந்து வழியாகப் பறப்பதையும் சேர்த்தால் ஒரு கோட்டுக்கு 14 லிட்டர். அதாவது உங்க கப்பை 18 தடவை நிரப்பணும்.

பதில் 2:
அடிக்கும் முன் கழுவுவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பாசிக்கும் நரைக்கும் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் பிளீச் தூள்) கரைசல் ஊற்றி, காயவிடாமல் 15 நிமிடம் வைத்து, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் என்றால் 40 டிகிரி கோணத்தில் விரியும் நாசில், 30 சென்டிமீட்டர் தூரம், அழுத்தம் 1500 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். பக்கத்தில் கொண்டுபோனால் மென்மையான நார் பெயர்ந்து மரம் பஞ்சுபோல் எழும்பும். அதன்மேல் அடித்த ஸ்டெயின் அந்தப் பஞ்சோடு உதிரும்.

பிறகு குறைந்தது இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரட்டும்.

சந்துக்குப் பின்னால் இருப்பதை மறக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கார் அங்கே நின்றால் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். வேலிக்குப் பின்னால் ஓர் அட்டையை ஒருவர் பிடித்தபடி கூடவே நகர்ந்தால் பாதித் தலைவலி குறையும். செடிகளைத் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வெயிலில் அவற்றை வேகவைத்துவிடும்.

பதில் 3:
ஸ்ப்ரே சரக்கை மரத்தின்மேல் கொண்டுபோய் வைக்கும், அவ்வளவுதான். உள்ளே தள்ளுவது பிரஷ். இரண்டு மூன்று பலகை அடித்ததும், ஈரம் காயும் முன், 10 சென்டிமீட்டர் பிரஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இதைத் தவிர்த்தால் ஸ்டெயின் மேடுகளில் நிற்கும், பள்ளங்களில் வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும்.

பலகையிலிருந்து 25–30 சென்டிமீட்டர், மணிக்கட்டை மடக்காமல் கை முழுவதும் நகர வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதைப் பாதி மூடட்டும். பலகையின் நடுவில் நிறுத்தாதீர்கள், கோடு விழும். வெயில் நேராக விழும் பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். மேல் முனை, கீழ் முனை இரண்டுக்கும் பிரஷாலேயே இரண்டு தடவை. அழுகல் அங்கேதான் தொடங்கும்.

கேட்டவர்:
நன்றி. ஸ்டெயினுக்கு மாறிட்டேன். 18 கப் என்பது மலைப்பா இருக்கு. ஏர்லெஸ் (காற்று இல்லாமல் பம்ப் அழுத்தத்தில் அடிக்கும் ஸ்ப்ரே மெஷின்) வாடகைக்கு எடுத்தா எந்த டிப் (முனை) போடணும்?

பதில் 3:
ஸ்டெயினுக்கு 411 அல்லது 413. முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்கினால் விசிறியின் அகலம், 30 சென்டிமீட்டர் தூரத்தில் 8 அங்குலம். கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவு, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 11 அல்லது 13 பங்கு. அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்கி, விசிறியின் இரு ஓரத்திலும் தெரியும் வால்கோடு மறையும் வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் புகைபோல் பறக்கும் தூறல்தான் அதிகம். அடைத்தால் டிப்பை 180 டிகிரி திருப்பி ஓர் அட்டையில் அடித்து, பழையபடி திருப்புங்கள்.

டிப்பைக் கழற்றும் முன் மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, டிரிகரைப் பூட்டுங்கள். அந்தத் துளைக்கு முன்னால் விரல் போகவே கூடாது. தோலுக்குள் பாய்ந்தால் ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது; ஆனால் உள்ளே திசு அழுக ஆரம்பித்திருக்கும். வலிக்கக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய், என்ன சரக்கு, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லுங்கள்.