தாம்பரம் கிழக்கில் வீடு வாங்கலாமா? இருப்பவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி வாடகை:
வேளச்சேரியில் ஆறு வருடமாக வாடகை வீடு. பையன் இரண்டாம் வகுப்பு, பெண் எல்கேஜி. ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார், சரி, வாடகை கொடுத்தது போதும் என்று நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று அலைகிறோம். மாடம்பாக்கத்தில் ஒரு தனி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி, "பிள்ளைங்களுக்குத் தண்ணி வேணுமா" என்று சொம்போடு வந்துவிட்டார். மனைவி அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள். எனக்குத்தான் பயம். ஆபீஸ் எழும்பூர். தண்ணீர், மழை, ரயில் எல்லாம் எப்படி?

கேம்ப்ரோடு மாமி:
சொம்புத் தண்ணீரை நம்பி வீடு வாங்காதீங்க தம்பி. அந்தப் பாட்டி வீட்டுக் கிணறு எத்தனை அடி, மே மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள். நான் 22 வருடமாக இங்கே இருக்கிறேன், ஒரே தெருவில் ஒரு வீட்டில் தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும், நாலு வீடு தள்ளி உப்பு. பாதாளச் சாக்கடை அந்தத் தெருவுக்கு வந்துவிட்டதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் செப்டிக் டேங்க் லாரி உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீங்க, எங்கள் தெருவில் இதற்காகவே ஒருவர் காம்பவுண்டை இடித்துக் கட்டினார்.

எட்டு ஐந்து லோக்கல்:
ரயில்தான் இந்த ஊரையே உண்டாக்கியது. 1931ல் பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் வந்து நின்ற கடைசி ஊர் தாம்பரம். இன்றைக்கும் இங்கிருந்து புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் உட்கார்ந்து போகலாம், எழும்பூருக்கு முக்கால் மணி நேரம்தான். ஆனால் மாடம்பாக்கத்திலிருந்து ஸ்டேஷன் வந்து சேர்வதுதான் பெரும்பாடு, கேம்ப் ரோடு சிக்னலில் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டால் எட்டு ஐந்து வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். தினமும் போக வேண்டியவர் என்றால் சானடோரியம் பக்கம், சிட்லபாக்கம் பாருங்கள்.

முடிச்சூர்க்காரன்:
மேற்குப் பக்கத்துக் கதை இது, ஆனாலும் கேளுங்கள். நான் வாங்கியபோது புரோக்கர் "ஏரிக் காத்து சார்" என்றார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது அந்தக் காற்றோடு தண்ணீரும் வந்தது. ஃபிரிட்ஜ் மிதந்ததைக் கண்ணால் பார்த்தேன். பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார், நீங்கள் கிராம வரைபடத்தை வாங்கி அந்த சர்வே நம்பருக்குப் பக்கத்தில் எங்கே ஏரி, எங்கே வாய்க்கால் என்று பாருங்கள். அப்புறம் நவம்பரில் நல்ல மழை நாளாகப் பார்த்துப் போய், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் 2015ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவருக்கு அந்த வீட்டை விற்றாக வேண்டிய அவசியம் இல்லை.

கேம்ப்ரோடு மாமி:
முடிச்சூர்க்காரர் சொல்வது நியாயம். ஆனால் பிள்ளைகளுக்கு இந்த ஊர் மாதிரி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டில் மான் திரியும், வண்டலூர் பூங்கா பக்கம், மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் யானையின் பின்புறம் மாதிரி வளைந்த தூங்கானை மாட விமானத்தைச் சுற்றி என் பேரன் ஓடிப்பிடித்து விளையாடுகிறான். 2021ல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனால் என் வீட்டுக்காரர் தி.நகர் கிளம்பினால் இன்னமும் "மெட்ராஸ் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்.

வேளச்சேரி வாடகை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் போனோம். மாமி, பாட்டி வீட்டுக் கிணறு முப்பது அடி, 2019 கோடையில் மட்டும் வற்றியதாம். 2015ல் தண்ணீர் அவர் வீட்டு வாசலில் இரண்டு படி ஏறியதாம், மூன்றாவது படியைத் தொடவில்லையாம். நாங்கள் பார்க்கும் வீட்டுக்கு மொத்தமே இரண்டு படிதான். மனைவி டேப் எடுத்துவந்து உயரத்தை அளந்து எழுதிக்கொண்டாள். விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?