பூக்காமல் நின்ற குண்டுமல்லி மறுபடி பூத்த அனுபவம்: ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர்கள் பேசியது

மண்டபத்திலிருந்து:

வாசலில் நிற்கும் குண்டுமல்லி பூக்கவில்லை என்று தூரோடு பிடுங்கிப் போடப் போகிறவர்கள் கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் செடி மாமியார் காலத்தது. தங்கச்சிமடத்தில் நாற்று வாங்கி வைத்தார்கள். கவனிக்க ஆளில்லாமல் ஆளுயரம் வளர்ந்து, சுவரில் சாய்ந்து, அடியெல்லாம் காய்ந்த குச்சியாகி, உச்சியில் மட்டும் பேருக்கு நாலு பூ பூத்துக்கொண்டிருந்தது. “வயசாயிடுச்சு, புதுசா ஒண்ணு வை” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

மல்லிக்குப் பழைய கொப்பில் பூ கிடையாது. புதிதாக வெடிக்கும் சிம்பின், அதாவது இளங்கிளையின் நுனியில்தான் அரும்பு கட்டும். அதனால் வெட்டினால்தான் பூ. வீட்டுச் செடியில் கத்தரி வைக்க நமக்குக் கை வருவதில்லை. பூத்த செடியை வெட்டுவது பாவம் என்று நினைத்துவிடுகிறோம். மதுரைப் பக்கம் மல்லித் தோட்டங்களில் வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் கவாத்து செய்துவிடுவார்கள். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட முழங்கால் உயரம்தான் விட்டுவைப்பார்கள்.

நானும் கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்து அதே அளவுக்கு வெட்டினேன். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, உள்பக்கம் பார்த்து வளர்வது எல்லாவற்றையும் அடியோடு எடுத்தேன். வெட்டிய கொப்பின் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும்வரை இன்னும் கீழே போகலாம். வெட்டி முடித்ததும் மொட்டையாக நின்ற செடியைப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் வருத்தம்தான்.

அப்புறம் தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, மக்கிய ஆட்டுப் புழுக்கையும் வேப்பம் புண்ணாக்கும் போட்டேன். நம் மணலில் உரம் நிற்காது, மழையோடு கீழே இறங்கிவிடும். அதனால் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது நல்லது. வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி ஒரு செடிக்கு வருஷத்துக்கு 10 கிலோ தொழுவுரம், 60 கிராம் தழைச்சத்து, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 120 கிராம். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து நவம்பரில் பாதி, ஜூன் ஜூலையில் பாதி போட வேண்டும். தழைச்சத்து மற்றதில் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். தழைச்சத்து உரமான யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் இலை கருகருவென்று வரும், பூ வராது.

மார்கழியில் கணுவுக்குக் கணு சிம்பு வெடித்தது. மாசிக் கடைசியில் அரும்பு. பங்குனி, சித்திரையில் தினமும் தொடுத்துத் தலையில் வைத்தது போக, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். செடிக்கு வயசாகிவிட்டது என்ற பேச்சு அதோடு நின்றது.

தங்கச்சிமடத்திலிருந்து:

மண்டபத்துத் தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. நாங்கள் பரம்பரையாக மல்லி நாற்றுப் போடுகிறவர்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கும் எங்கள் ஊர் மணலில் வேர் பிடித்த நாற்றுதான் பெரும்பாலும் போகிறது. கவாத்து செய்தும் பூக்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு இலையைத்தான்.

இலையைப் பறித்துப் பாருங்கள். அடியில் உள்ள முற்றிய இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருந்தால் உப்பு. ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றுகிற வீடுகளில் இதுதான் நடக்கிறது. எங்கள் ராமேஸ்வரம் தீவில் நல்ல தண்ணீர் மேலாக மிதக்கிறது, உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஆழமாகப் போனால் உப்புதான் ஏறும். மணலில் மேலாகத் தோண்டிய ஊற்றுத் தண்ணீர் கிடைத்தால் மல்லிக்கு அதை ஊற்றுங்கள். ஐப்பசி மழைத் தண்ணீர் தூரில் நன்றாக இறங்கும்படி பாத்தி கட்டி விட்டால், வருஷமெல்லாம் சேர்ந்த உப்பு கழுவிப் போய்விடும்.

நுனியில் வரும் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த கடற்கரை மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளிக்க வேண்டும். மஞ்சள் மாறும்வரை மாதம் ஒரு தடவை போதும். சுவரில், தரையில் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

அக்கா, எங்கள் உம்மா மாடியில் தொட்டியில் வைத்திருக்கும் மல்லி நன்றாகத்தான் அரும்பு கட்டுகிறது. ஆனால் அரும்பு விரியாமல் ஊதா நிறமாகி, அடிப்பக்கம் வீங்கிக் காய்ந்து போகிறது. வெயில் நிறைய இருக்கிறது, தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். தென்கடல் காற்றுக்கு ஓலைத் தட்டி கட்டியிருக்கிறோம்.

தங்கச்சிமடத்திலிருந்து:

தம்பி, அது மொட்டு ஈ. அரும்புக்குள் புழு இருக்கும், பிரித்துப் பார்த்தால் தெரியும். ஊதாவான அரும்பையெல்லாம் பறித்து எரித்துவிடுங்கள், தொட்டியிலேயே உதிர விடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூடு கட்டும், அதனால் மேல்மண்ணை அடிக்கடி கிளறி வெயில் காட்ட வேண்டும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலத்தில் அடியுங்கள். அரும்பில் சின்ன ஓட்டையும் நூலாம்படையும் தெரிந்தால் அது வேறு, மொட்டுப்புழு. அதற்கும் பறித்து அழிப்பதுதான் முதல் வேலை.

மண்டபத்திலிருந்து:

தம்பி, இன்னொன்று உம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் அந்தக் கொப்பின் நுனியை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டு, உடனே கொஞ்சம் எருவும் தண்ணீரும் கொடுக்கச் சொல்லுங்கள். கிள்ளிய இடத்திலிருந்து இரண்டு சிம்பு வரும், ஆடி வரைக்கும் பூ குறையாது.