60 வயசுக்காரருக்கான வேட்டி சட்டை விளம்பரம்: மாடல், வெளிச்சம், வாசகம்

கரைவேட்டி:
ஈரோட்டுல வெள்ளை வேட்டி, சட்டை தயாரிக்கிறோம். வாங்குறவங்கள்ல பாதிக்கு மேல 55 தாண்டினவங்க. ஆனா விளம்பரத்துல நிக்கிறது 28 வயசுப் பையன். தீபாவளிக்கு மாத்தணும். நிஜமாவே 60 வயசு ஆள் வேணுமா, 45 வயசுக்காரருக்கு நரை அடிச்சா போதுமா? சாம்பிள் படத்துல முகம் கறுத்துப் போகுது. முகத்துக்கு வெளிச்சம் கூட்டினா சட்டை வெளுத்து மடிப்பே தெரியல.

லைட்பாய்:
கேமராவைக் குறை சொல்லாதீங்க. படம் முழுக்க வெள்ளைத் துணி இருந்தா, கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்குற மீட்டர் அதைச் சாம்பல் நிறமா நினைச்சு மொத்தத்தையும் இருட்டாக்கும். நம்ம ஊர் மாநிற முகம்தான் முதல்ல அடிவாங்கும். எக்ஸ்போஷரை ஏத்தி இறக்கி இது சரியாகாது, வெளிச்சத்தைப் பிரிக்கணும். மெயின் லைட்டை 45 டிகிரி பக்கவாட்டுல, தலைக்குக் கொஞ்சம் மேல வையுங்க. லைட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு கறுப்பு அட்டை பிடிச்சா சட்டைக்குப் போற வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது பாதியா, குறையும், முகத்துக்குக் குறையாது. எதிர்ப்பக்கம் முகத்து உயரத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கத் தெர்மாகோல், இடுப்புக்குக் கீழ கறுப்புத் துணி. அந்தக் கறுப்புதான் வேட்டி மடிப்பை எடுத்துக் காட்டும். RAW-ன்னு கேமராவுல இருக்குற ஃபார்மட்லயே எடுங்க, கேமரா திரையில வெளிச்ச அளவைக் காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தைத் தொடக் கூடாது.

நரைமுடிக்கு வெள்ளைப் பின்னணி ஆகாது, தலை கரைஞ்சு போகும். செங்கல் சிவப்பு, கரும்பச்சை நல்லா எடுக்கும். கண்ணாடி போட்டவரா? லைட்டை இன்னும் உயர்த்துங்க, கண்ணாடிக் காம்பைக் காதுல இருந்து கொஞ்சம் தூக்கி விடுங்க. பளபளப்பு போயிடும்.

அளவுநாடா:
படத்துக்கு முன்னாடி சட்டையைப் பாருங்க. இளைஞர் அளவுல வெட்டின 42 சட்டை, தொப்பை உள்ளவருக்கு நாலாவது பட்டன்கிட்ட வாய் பிளக்கும். முதுகுல கிளிப் போட்டு இழுத்து மறைக்காதீங்க. படத்தைப் பார்த்து வாங்கினவர் வீட்டுல போட்டுப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிடுவார். நெஞ்சு, வயிறு ரெண்டையும் தனித்தனியா அளந்து, பெரிசா இருக்குறதோட 4 இஞ்ச் சேர்த்து வெட்டுங்க. முதுகு கூன் விழுந்திருந்தா பின்பக்கம் மேல ஏறி, முன்பக்கம் தொங்கும். பின்துண்டுல அரை இஞ்ச் கூட்டினா சரியாகும்.

வெள்ளைச் சட்டைக்குள்ள வெள்ளை பனியன் கோடு போட்டுத் தெரியும், தோல் நிறத்துல போடச் சொல்லுங்க. புது வேட்டியைப் பிரிச்ச உடனே கட்டினா பெட்டி மடிப்புக் கோடு குறுக்கும் நெடுக்குமா தெரியும், ஆவி இஸ்திரி போட்டுட்டுக் கட்டுங்க. கீழ்க்கரை கணுக்கால்கிட்ட சமமா நிக்கணும்.

வாசகன்:
நரை அடிக்கிற வேலை வேண்டாம். தலை நரைச்சிருக்கும், கழுத்தும் புறங்கையும் 45-ஐச் சொல்லிடும். சீனாவுல வாங் தேஷுன்னு ஒரு நடிகர் 2015-ல 79 வயசுல மேல்சட்டை இல்லாம ராம்ப்ல நடந்தார், உலகமே பார்த்துச்சு. அந்த உடம்பு வேணும்னு சொல்லல. நிமிர்ந்து நிக்கிற, தன் துணியைத் தானே ரசிச்சு உடுத்துற ஒருத்தர் போதும். எடுத்த படத்தை ரீடச் பண்ணித் திருத்தும்போது சுருக்கத்தைத் தேய்க்காதீங்க. பரு, தூசி மட்டும் எடுங்க.

ஈஸி சேர், பேரன், செய்தித்தாள் மூணும் ஃபிரேமுக்கு வெளிய இருக்கட்டும். வேட்டியை மடிச்சுக் கட்டுற ரெண்டு கையைக் கிட்டத்துல எடுங்க: நரம்பு புடைச்ச விரல், அதுக்கு நடுவுல கரை. வயசும் துணியும் ஒரே படத்துல வந்துடும். வாசகத்துல 'முதியோருக்கு', 'தாத்தாவுக்கு' வேண்டவே வேண்டாம், 65 வயசுக்காரரும் அது தனக்கில்லன்னு தாண்டிப் போயிடுவார். 'உட்கார்ந்து எழுந்தாலும் சரியாது', 'பாக்கெட்ல போன் நிக்கும்' மாதிரி பயனைச் சொல்லுங்க. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளை மேல வைக்காதீங்க, படிக்க முடியாது.

கரைவேட்டி:
நன்றிங்க. ஃபேஸ்புக்ல வயசு 55க்கு மேலன்னு மட்டும் வெச்சா போதுமா?

வாசகன்:
போதாதுங்க. அப்பாவுக்கு எடுத்துக் கொடுக்குற மகள், மகன் இருக்காங்க. 30-45க்குத் தனி விளம்பரம் போடுங்க, படம் அதே, வாசகம் 'அப்பாவோட அளவு எப்படி எடுக்கிறது'ன்னு. கூடவே வயித்து அளவு எடுக்குற இடத்தைக் காட்டுற ஒரு படம். மாடல்கிட்ட எந்தெந்த ஊடகம், எத்தனை மாசம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு ஷூட் ஆரம்பிங்க. பேனர்ல தன் முகம் இருக்குறது அவருக்குப் பின்னாடிதான் தெரிய வந்துச்சுன்னு ஆகக் கூடாது.