பங்குனி உத்திர வார இறுதிக்கு ஊருக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

லயத்துப் பேரன்:

பேராக்கில் சுங்கை சிப்புட் போகும் வழியில் ரப்பர் மரங்கள் மொட்டையாக நின்றால், அல்லது மொட்டை போய்ச் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருந்தால், எங்களுக்குத் திருவிழாக் காலம் வந்துவிட்டது. நம் நாட்டில் வசந்தம் கிடையாது. ஆனாலும் இதையே வசந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருக்கும் ரப்பர் கொஞ்சம்தான். மற்ற இடமெல்லாம் செம்பனை. அதற்கு வருடம் முழுக்க ஒரே முகம்.

சனிக்கிழமை காலை கோலாலம்பூரில் ரயிலேறி மதியத்துக்குள் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து இருபது வருடம் ஆகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்து போயிற்று. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. மற்ற நாளில் அங்கே பூசாரியும் இரண்டு நாயும்தான். திருவிழா அன்று கார் நிறுத்த இடமில்லை.

அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீ மூணாவது லயத்துப் பேரன்தானே? மூக்கு சொல்லுது" என்றார். என் தாத்தாவுக்குப் பக்கத்து நிரையில் ரப்பர் பால் வெட்டியவராம். சாம்பார் வாளி எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிட்டார். 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தாத்தாவும் சேர்ந்தாராம். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். மரம் இலை உதிர்த்தால் பால் குறையும், கூடவே சம்பளமும் குறையும். பார்த்து அந்த மாதத்தில்தான் திருவிழா வரியும் வந்து நிற்கும். "வரியும் சங்கத்துப் பத்து வெள்ளியும் ஒண்ணா வந்தா உங்க பாட்டி காதுல தோடு இருக்காது. வேப்பங்குச்சிதான்" என்றார். காதில் குச்சியோடு பாட்டி நிற்கும் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஏதோ அந்தக் காலத்து நாகரிகம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இரவு இசை நிகழ்ச்சி எட்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) வந்தால்தான் குத்துவிளக்கு, குத்துவிளக்கு ஏற்றினால்தான் பாட்டு. பத்தேகால் வரை "சோதனை, சோதனை" என்று மைக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பொறுக்க முடியாமல் உறுமிப் பையன்கள் திடலின் மறுபக்கத்தில் தொடங்கிவிட்டார்கள். கூட்டமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டது. ஒய்.பி. வந்தபோது மேடைக்கு முன்னால் நானும் அத்தையும்தான் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு முட்டி வலி.

கிராணி மகள்:

வரி விஷயம் உண்மை. எங்கள் தோட்டத்தில் செக்ரோலிலேயே (சம்பளப் பதிவேட்டிலேயே) பிடித்துவிடுவார்கள். சம்பளத்தன்று பிடித்தம் எவ்வளவு என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான அப்பாதான் வாயால் சொல்ல வேண்டும். திருவிழா முடியும் வரை அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஈப்போ மருமகள்:

நான் சொல்லப்போவது சந்தைக் கதை, பரவாயில்லையா? பால்குடத்துக்கு மறுநாள் மாமியாரை ஈப்போவில் ஞாயிறு காலை நடக்கும் மெமரி லேன் பழம்பொருள் சந்தைக்குக் கூட்டிப் போனேன். முப்பது வருடம் பால் வெட்டியவர். பழைய நாணயம், எனாமல் கோப்பை, ஓடாத கைக்கடிகாரம் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "தேய்ஞ்சதுக்கெல்லாம் காசா" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

ஒரு சீனத் தாத்தாவின் விரிப்பில் பால்வெட்டுக் கத்தி ஒன்று கிடந்தது. பக்கத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு நாலைந்து. அட்டையில் முப்பது வெள்ளி என்று எழுதியிருந்தது. மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்தியை எடுத்துப் பெருவிரலால் முனையைத் தடவி, "யாரோ தெரியாதவன் தீட்டியிருக்கான்" என்றார். அப்புறம் மலாயில் ஆரம்பித்தார் பாருங்கள்! இந்த முனை பட்டையோடு நிற்காது, உள்ளே மரத்தில் போய்ப் படும், காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது, மேற்பார்வை மண்டோர் வந்து பார்த்தால் தொலைந்தோம். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிவாக இறங்க வேண்டும், மெல்லிசாகச் சீவ வேண்டும் என்று தாத்தாவின் மடக்கு நாற்காலிக் காலில் செய்தே காட்டினார். ஆள் கூடிவிட்டது. ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார்.

நான் மெதுவாக இருபது வெள்ளிக்குக் கேட்டேன். தாத்தா கத்தியைத் திரும்ப வாங்கி ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் போட்டு ஐம்பது என்று எழுதினார்.

உறுமித் தம்பி:

திடலின் மறுபக்கம் வாசித்தது எங்கள் கோஷ்டிதான். மன்னிச்சிடுங்க அண்ணே.

என் கதை 2024இல் நடந்தது. அந்த வருடம் பங்குனி உத்திரம் நோன்பு மாதத்தில் வந்தது. ரதம் பட்டணத்தைச் சுற்றும்போது ரமலான் சந்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். நேரக் கணக்கு தப்பி, நோன்பு திறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அங்கே போய்ச் சேர்ந்தோம். உறுமியை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றோம். இரண்டு பக்கமும் ஆயாம் பெர்சிக் (சுட்ட கோழி) அடுப்பு, நெருப்பில் தேங்காய்ப்பால் சொட்டிப் புகைகிறது. நாங்களோ பதினைந்து நாளாகச் சைவம். காவடி எடுத்த என் சித்தப்பா மகன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

தார்ப்பாய் அக்கா:

நாங்கள் பசார் மாலாமை (இரவுச் சந்தையை) நம்பிப் போனோம். இந்த மாதங்களில் மாலை இடிமழை இல்லாத நாள் ஏது? புட்டு மாயாமில் (இடியாப்பத்தில்) சர்க்கரை கரைந்து ஓடியது. சரி என்று மறுநாள் பிள்ளைகளைக் கோலகங்சாருக்குக் கூட்டிப் போய் அந்தப் பழைய ரப்பர் மரத்தைக் காட்டினோம். 1877இல் அங்கே நட்ட ஒன்பது கன்றில் மிஞ்சி நிற்பது. சின்னவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்காகவா பாட்டன் கப்பல் ஏறினாரு?" என்று கேட்டான். அவன் அப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்.

லயத்துப் பேரன்:

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு? அடுத்த வருடம் அத்தைக்குப் பக்கத்தில் வந்து வாசியுங்கள், போதும். ஈப்போ அக்கா, கத்தி என்ன ஆயிற்று?

ஈப்போ மருமகள்:

வரும் ஞாயிறு மறுபடி போகிறோம். இந்தத் தடவை வாயே திறக்க மாட்டேன் என்று மாமியார் சத்தியம் செய்திருக்கிறார். ஆனால் தீட்டுக்கல்லை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார்.