பழைய வீடுகளும் இரும்பு உருக்கின இடமும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தாத்தா கொல்லப்பட்டறை வைத்திருந்தவர். அப்பா காலத்திலேயே துருத்தி பரணுக்குப் போய்விட்டது, இப்போது பட்டறை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. ஏழாவது படிக்கும் மகனிடம் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "பாலக்காட்டுக் கடையிலிருந்து" என்கிறான். லீவுக்குச் சென்னைப் பக்கம் பழைய வீடுகளை வைத்திருக்கும் தட்சிணசித்ரா போகலாமா, வேறு இடம் உண்டா?

நொய்யல்கரை:
இரும்புக்குச் சென்னை எதற்குங்க? வாளையாறு தாண்டிக் கோவை வழியாகச் சென்னிமலைப் பக்கம் கொடுமணல் வாங்க. சேரர் காலத்துத் துறைமுகமான கேரளக் கரை முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பாதையில் இருந்த பழைய ஊர், அந்தச் சரக்கெல்லாம் உங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் வந்திருக்கும். அகழாய்வில் உலையின் அடிப்பாகம், ஊதுகுழாய், மூசை (உலோகம் காய்ச்சும் மண் குப்பி) எல்லாம் கிடைத்தன. ஆனால் மியூசியம் மாதிரி நினைத்து வந்து ஏமாறாதீர்கள், வயல்காடுதான். பையனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்: மண் உலையில் கரியும் இரும்புக்கல்லும் மாற்றி மாற்றிப் போட்டுத் துருத்தி ஊதுவார்கள், இரும்பு உருகி ஓட 1538 டிகிரி வேண்டும், அந்தச் சூடு வராது, அதனால் கல்லின் கசடான சிட்டம் மட்டும் உருகி வடியும், இரும்பு பஞ்சு மாதிரிக் கட்டியாக நிற்கும், அதைச் சூட்டோடு அடித்து அடித்துத்தான் மிச்சச் சிட்டத்தை வெளியேற்ற வேண்டும். உருக்கு, அதாவது ஸ்டீல், வேறு கதை. இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் மூசையில் வைத்து மண்ணால் மூடிச் சுடுவார்கள்.

ஈசிஆர்_வாசி:
வீடுகளுக்குத் தட்சிணசித்ராதான். 1996-ல் திறந்தது, முட்டுக்காட்டில் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளி மரவீடு பிடிக்கும், ஊரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டியது. அரை நாளாவது வேண்டும். செவ்வாய் லீவு. அப்படியே எழும்பூர் மியூசியத்தில் ஆதிச்சநல்லூர் இரும்புச் சாமான்களையும் காட்டுங்கள், அங்கே வெள்ளி லீவு, பார்த்து டிக்கெட் போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நன்றி, முதலில் கொடுமணல். இன்னொன்று: கார் நிற்கிற இடத்தைத் தோண்டியபோது கறுப்பாக, கனமாக, ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி கிடைத்தது, காந்தம் லேசாக ஒட்டுகிறது. தாத்தாவும் இரும்பு உருக்கினாரா?

நொய்யல்கரை:
அவசரப்படாதீர்கள். தாத்தா காலத்துப் பட்டறையில் கடை இரும்பைக் காய்ச்சி அரிவாள், ஏர்க்கொழு அடித்திருப்பார்கள், அதிலும் சிட்டம் விழும். இரும்பு எடுத்த இடம் என்றால் ஒரு கட்டி இல்லை, கூடை கூடையாகக் கிடக்கும். எதற்கும் அதையும் எடுத்துக்கொண்டு வாங்க.