வைக்கோல் போருக்குள் சூடு ஏறுகிறது: பிரிக்கலாமா, விட்டுவிடலாமா?

அனைவருக்கும் வணக்கம். கோடை முடியும் நேரத்து வானத்தை நம்பிக் கெட்டேன். நான்கு நாள் சுள்ளென்ற வெயில், ஐந்தாம் நாள் மாலை இடியோடு மழை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த வைக்கோலில் பாதி நனைந்துவிட்டது. மறுநாள் மேலாகக் காய்ந்ததும் அவசரப்பட்டுப் போர் போட்டுவிட்டோம்.

இன்றோடு 12 நாள். விடியற்காலையில் போரின் உச்சியிலிருந்து ஆவி எழுகிறது. கிட்டப் போனால் புளித்த வாடை. நடுவில் கடப்பாரையைச் செருகி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து உருவினேன். கையில் பிடிக்க முடியவில்லை.

ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் பெருகிச் சூட்டைக் கிளப்பும், அது முற்றினால் போர் தானாகவே தீப்பற்றும் என்பது தெரியும். பிரித்துப் போட்டால் ஆறும்தான். ஆனால், திறந்ததும் காற்று புகுந்து குப்பென்று பிடித்துக்கொண்டால்? தொழுவம் இருபது அடி தூரத்தில்தான் இருக்கிறது. மாடுகளை நேற்றே அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிட்டேன். தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள். உள்சூட்டைச் சரியாக அளக்க என்ன செய்வீர்கள்? எத்தனை டிகிரி வரை துணிந்து பிரிக்கலாம்? தண்ணீர் தெளித்துக்கொண்டே பிரிப்பது நல்லதா, அது இன்னும் ஈரம் ஏற்றுமா? பூஞ்சை பிடித்ததை எருக்குழியில் போட்டுவிடுவேன். பழுப்பேறியது மட்டும் மாட்டுக்கு ஆகுமா?

மேற்கே மறுபடியும் கருக்கிறது. மாலைக்குள் யாராவது பதில் எழுதினால் பேருதவியாக இருக்கும்.