மோட்டார் சைக்கிள் ஓடுபவர் ஒருநாள் விழுந்தே ஆகவேண்டுமா?

தென்மராட்சியான்:
வணக்கம். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவருவதற்காகக் கடந்த மாதம் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "இதை ஓடுகிறவன் எப்படியும் ஒருநாள் விழுவான்" என்றே சொல்கிறார்கள். பெரியப்பா தமது முழங்கால் தழும்பையும் காட்டுகிறார். இது உண்மையென்றால், கவனமாக ஓடுவதால் என்ன பயன்?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
தம்பி, பெரியப்பா சொல்வதில் பாதி சரி. ஓராண்டில் விழுவதற்கான வாய்ப்பு 20இல் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 30 ஆண்டுகள் ஒருமுறையும் விழாமல் ஓடும் வாய்ப்பு ஏறத்தாழ 21 சதவீதந்தான். அதையே 100இல் ஒன்றாகக் குறைத்தால் 74 சதவீதமாகிறது. கவனத்தின் பயனை இந்த இடைவெளியில் பாருங்கள்.

கோப்பாய் வாசி:
இருபத்தேழு ஆண்டுகளில் நான் இருமுறை விழுந்திருக்கிறேன். ஒன்று, மார்கழி இருட்டில் வீதியில் படுத்திருந்த மாட்டினால். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மற்றது என் பிழை. ஒழுங்கையிலிருந்து பலாலி வீதிக்கு ஏறும் இடத்தில், சிதறிக் கிடந்த கிறவலின் மீது, வண்டியைத் திருப்பிக்கொண்டே முன் பிரேக்கை இறுக்கிவிட்டேன். திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் ரயருக்கு இருப்பது ஒரே பிடிமானம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்டால் அது வழுக்கிவிடும். இப்படி விழுந்த பலர் பின்னர் முன் பிரேக்கையே தொடுவதில்லை. அது அதைவிடப் பெரிய பிழை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்கு வந்துவிடுவதால், நேராக ஓடும் வண்டியை விரைவாக நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான்.

நல்லூரான்:
நான் சற்று மாறுபடுகிறேன். ஒழுங்கையில் சறுக்குவதையும் கண்டி வீதியில் வாகனத்துடன் மோதுவதையும் "விழுதல்" என்ற ஒரே சொல்லால் குறிப்பதே குழப்பம். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியான ஹேர்ட் அறிக்கையின்படி, அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று வேறொரு வாகனத்துடனான மோதல்கள். எதிரே வரும் மோட்டார் சைக்கிளைக் கவனியாமல் குறுக்கே திரும்பிய கார்களே அங்கு முதன்மையான ஆபத்து. இடப்புறமாக ஓடும் நமக்கு அது வலப்பக்கம் திரும்பும் வான் அல்லது ஓட்டோ. மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். கை பிரேக்கை எட்டுவதற்கே அவ்வளவு தூரம் போய்விடலாம். ஆகவே சந்திகளுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைக்கவசம் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பொலிசாரைக் காணும்வரை அதை முழங்கையில் மாட்டிச் செல்வோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தென்மராட்சியான்:
மிக்க நன்றி. முன் பிரேக்கை ஊர் மைதானத்தில் பழகலாமா?

கோப்பாய் வாசி:
புல்லிலும் மணலிலும் வேண்டாம், தம்பி. ஞாயிறு அதிகாலையில் ஆளில்லாத தார் வீதியில், வண்டி நேராக இருக்கும்போது, 20 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்குங்கள். பிரேக்கைச் சடாரென்று பிடிக்காமல், படிப்படியாக இறுக்குங்கள்.